லோடு ஏற்றிப் பார்த்த பிறகே சப்ளை

(பாலிடெக்னிக் மாணவர்களும் எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்போரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொந்தமாக ஒரு சுவிட்சிங் பவர் சப்ளை கட்டி, முதல் தடவை கரன்ட் கொடுத்து, மல்டிமீட்டரில் 12.0 என்று எழும்போது வருகிற மகிழ்ச்சி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அந்த 12.0 சொல்லும் சேதி மிகக் கொஞ்சம். சிப் துடிக்கிறது, காயிலின் முனைகள் இடம் மாறவில்லை, ஃபீட்பேக் திசை சரி. அவ்வளவுதான். 5 ஆம்பியர் கேட்டால் தருமா? மே மாத மதியத்தில் மூடிய டப்பாவுக்குள் இருந்துகொண்டு நாலு மணி நேரம் தருமா? வயரைத் தொடுகிற குழந்தையின் கைக்கு ஆபத்து வராதா? இவற்றில் ஒன்றுக்குக்கூட அது விடை சொல்லாது. லோடு ஏற்றிப் பார்க்காத சப்ளை பாதி கட்டிய சப்ளை என்பது என் கட்சி. மறுபாதி வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது நம் ஊர்க் கடைகளுக்குப் புதிய சங்கதி இல்லை. கலர் டி.வி. பழுது பார்த்தவர்களைக் கேளுங்கள். செட் உயிர் பெறவில்லை என்றால் அவர்கள் முதலில் ஹாரிசான்டல் பகுதிக்குப் போகும் 110 வோல்ட் லைனைக் கழற்றுவார்கள். அந்த இடத்தில் 60 வாட்டோ 100 வாட்டோ ஒரு குண்டு பல்பை மாட்டுவார்கள். பல்ப் எரிந்து 110 வோல்ட்டும் அசையாமல் நின்றால் சப்ளை நல்லது, கோளாறு அந்தப் பக்கம். வோல்ட்டேஜ் சரிந்தால் நோய் சப்ளையிலேயே. பட்டம் வாங்காத எத்தனையோ பேர் தினமும் செய்த லோடு சோதனை அது. பழுது பார்க்கும்போது செய்த அதே சோதனையை, புதிதாகக் கட்டும்போது நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அதுதான் என் ஆதங்கம்.

பொதுப்படையாகப் பேசினால் பயன் இருக்காது. ஒரே ஒரு சப்ளையை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 5 ஆம்பியர், 60 வாட். யு.சி.3842 சிப், ஒரு மாஸ்ஃபெட், ஈ.டி.டி.34 ஃபெரைட் கோர், ஃபீட்பேக்குக்கு டி.எல்.431-உம் ஒரு பி.சி.817 ஆப்டோவும். ஃப்ளைபேக் வகை. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த 38 வாட் சப்ளையும் இந்த வகைதான். கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மரும் வெப்பம் கக்கும் ரெகுலேட்டரும் இல்லாமல் ஒரு மேசைக் கணினி ஓட முடியும் என்று வீடுகளுக்குள் கொண்டுபோய்க் காட்டிய சப்ளைகளில் அது ஒன்று.

230 வோல்ட் ஏ.சி.யை பிரிட்ஜ் கொண்டு டி.சி. ஆக்கினால் 325 வோல்ட். லைன் 265-க்கு ஏறினால் 375. அதைத் தேக்கி வைக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். அதன் குறுக்கே ஒரு பிளீடர் ரெசிஸ்டர் போடாமல் போர்டைத் தொடாதீர்கள். போட்ட பிறகும், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது பிரைமரியில் கரன்ட் ஏறி, கோரின் இடைவெளியில் ஆற்றல் சேர்கிறது. ஆஃப் ஆனதும் அந்த ஆற்றல் செகண்டரி வழியாக வெளியே போகிறது. கிணற்றில் வாளி வாளியாக இறைப்பது போலத்தான். வினாடிக்கு 65,000 வாளி, ஒவ்வொன்றிலும் 1.1 மில்லிஜூல். பெருக்கினால் 72 வாட் வரும். 60 வாட் வெளியே போகும், மிச்சம் 12 வாட் வழியிலேயே சூடாகும். லோடு கூடக் கூட வாளி நிறைந்து வரும். வாளி கொள்ளாத அளவுக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்த உரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதுதான்.

சுற்றுக் கணக்கை வேகமாகச் சொல்கிறேன். பிரைமரி 44 சுற்று, 500 மைக்ரோஹென்ரி. செகண்டரி 5 சுற்று. கோரின் இடைவெளி மொத்தம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுக்காலைத் தேய்க்காமல் மூன்று காலுக்கும் காகிதம் வைப்பவர்கள் கால் மில்லிமீட்டர்க் காகிதம் வைத்தால் போதும். காந்தப்புலம் அந்த இடைவெளியை இரண்டு முறை கடக்கிறது. பிரைமரியில் பாதி, அதன்மேல் செகண்டரி, அதன்மேல் மீதிப் பாதி என்று சுற்றினால் லீக்கேஜ் குறையும். லீக்கேஜ் குறைந்தால் மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் கணத்தில் எழும் ஸ்பைக்கும் குறையும். 375 வோல்ட்டுடன் செகண்டரியிலிருந்து திரும்பித் தெரியும் 110 வோல்ட்டும், அதன்மேல் ஸ்பைக்கும் சேர்ந்தால் 600-ஐத் தொட்டுவிடும். 800 வோல்ட் மாஸ்ஃபெட் போடுங்கள். சில ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

இனி உயிர் கொடுப்பது. மெயின்ஸைத் தொடுவதற்கு முன், சிப்புக்கு மட்டும் பெஞ்ச் சப்ளையிலிருந்து வோல்ட்டேஜை மெல்ல ஏற்றுங்கள். 16 வோல்ட்டுக்கு அருகில் சிப் விழித்துக்கொள்ளும். கேட்டில் துடிப்பு தெரியும். இறக்கிக்கொண்டே வந்தால் 10 வோல்ட்டில் நின்றுவிடும். இந்த இரண்டு எண்களையும் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அடுத்துதான் மெயின்ஸ், அதுவும் சீரீஸ் போர்டு வழியாக, அதாவது நடுவே ஒரு பல்பைத் தொடராக மாட்டி. 60 வாட் குண்டு பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மாஸ்ஃபெட்டையும் கண்ணையும் ஒருசேரக் காப்பாற்றுகிற கருவி அந்தப் பல்ப்.

ஆனால் அதே பல்பை மாட்டியபடி லோடு ஏற்றாதீர்கள். சப்ளை கரன்ட் இழுக்கத் தொடங்கியதும் வோல்ட்டேஜின் பெரும்பகுதி பல்பிலேயே விழும். சப்ளை பட்டினியில் டிக், டிக் என்று விட்டு விட்டு ஓடும். நல்ல போர்டைக் கெட்டது என்று முடிவுகட்டிச் சிப்பையும் ஆப்டோவையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வெறும் போர்டு நன்றாக ஓடுகிறது என்று உறுதியானதும் 200 வாட் பல்புக்கு மாறுங்கள். பாதி லோடைத் தாண்டுவதற்கு முன் அதையும் எடுத்துவிட்டு, சரியான ஃப்யூஸோடு நேரே கொடுங்கள்.

இப்போது லோடு. மேசைமேல் இருக்கிற இந்தப் பலகையைப் பாருங்கள். 22 ஓம், 10 வாட் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். 12 வோல்ட்டில் ஒரு ரெசிஸ்டர் 0.55 ஆம்பியர் இழுக்கும், 6.5 வாட் சூடாகும். 10 வாட் ரெசிஸ்டருக்கு அது தாங்கக்கூடிய சூடு. ஒன்பதையும் போட்டால் 4.9 ஆம்பியர். ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் பெரிய செலவு இல்லை. 10 ஓம் ரெசிஸ்டர் வாங்கினால் எண்ணிக்கை குறையுமே என்று தோன்றும். அது 14.4 வாட் தின்னும். 10 வாட் உடம்பு அதைத் தாங்காது. பலகையை மரத்தில் செய்யாதீர்கள், அலுமினியத் தகடு நல்லது.

கார் ஹெட்லைட் பல்பையே லோடாக மாட்டலாமே என்று பலரும் கேட்பார்கள். 12 வோல்ட் 60 வாட் பல்ப் கணக்குக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆன் செய்த கணத்தில் அது கேட்பது 5 ஆம்பியர் இல்லை, அதைப்போல் பல மடங்கு. சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று ஓடும். சப்ளையின் மேல் குற்றமில்லை, லோடு அப்படி. முதலில் ரெசிஸ்டரில் ஓடவிட்டு, கடைசியில் முரட்டுச் சோதனையாகப் பல்பை மாட்டிப் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் வெளியீட்டு வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் முனைகள் சப்ளையின் டெர்மினல் மேலேயே இருக்கட்டும். லோடு முனையில் வைத்து அளந்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மி.மீ. வயர் ஜோடியே 5 ஆம்பியரில் கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றுவிடும். அந்தக் கால் வோல்ட்டுக்காக டி.எல்.431-இன் ரெசிஸ்டரை மாற்றுவது வீண் வேலை. உள்ளே போகும் வாட்டை அளக்க வாட்மீட்டர்தான் வேண்டும். மல்டிமீட்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருகிற எண் நிஜத்தைவிடப் பெரியதாக இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கெப்பாசிட்டர், அலையின் உச்சியில் மட்டும் குத்துக் குத்தாகக் கரன்ட் இழுப்பதே காரணம்.

ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரைமரி பக்கம் அளக்க வேண்டுமென்றால் சப்ளைக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகவே கரன்ட் கொடுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் சுவரிலுள்ள எர்த்தோடு சேர்ந்தது. அதை நேரே மெயின்ஸோடு இருக்கும் போர்டில் மாட்டினால் பிரிட்ஜ் வெடிக்கும், ஸ்கோப் போகும், உங்கள் கையும் அங்கேதான் இருக்கும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவது தீர்வு ஆகாது. அப்போது ஸ்கோப்பின் உடம்பு முழுவதும் மெயின்ஸ் ஏறி நிற்கும்.

மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் இருக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே ஸ்கோப்பை வையுங்கள். நம் சப்ளையில் 0.82 ஓம் இரண்டு, பக்கம் பக்கமாக. சிப் 1 வோல்ட்டில் வெட்டும், ஆகவே 2.4 ஆம்பியருக்குச் சற்று மேல் கரன்ட் போகாது. முழு லோடில் 2.1 ஆம்பியர் வரை நேர்கோடாக ஏறும் சாய்வு ஒன்று திரையில் தெரிய வேண்டும். அந்தக் கோடு கடைசியில் மேல்நோக்கி வளைந்தால் கோர் நிறைந்துவிட்டது, அதாவது சேச்சுரேஷன். அதற்குமேல் பிரைமரி ஒரு காயில் இல்லை, வெறும் செம்புக் கம்பி.

இங்கேதான் சூடு வந்து குறுக்கிடுகிறது. என்87 போன்ற பவர் ஃபெரைட் 25 டிகிரியில் 0.49 டெஸ்லா வரை தாங்கும். 100 டிகிரியில் 0.39 மட்டுமே. நம் 44 சுற்றுக் கணக்கில், சிப் வெட்டுகிற உச்சக் கரன்ட்டில்கூட 0.29-ஐத் தாண்டாது. கோரின் ஜன்னலில் கம்பி சுற்ற இடம் போதவில்லை என்று ஒருவர் 30 சுற்றோடு நிறுத்தி, இடைவெளியைக் குறைத்து, மீட்டரில் அதே 500 மைக்ரோஹென்ரியைக் கொண்டுவந்துவிட்டார் என்று வையுங்கள். உச்சத்தில் அது 0.42 டெஸ்லா. மேசைமேல் குளிர்ந்த நிலையில் எந்தக் குறையும் தெரியாது. முழு லோடிலும் 2.1 ஆம்பியர்தான் என்பதால், சூடான பிறகும் 0.36-இல் தப்பித்து ஓடும். அப்போது கரன்ட் கட் ஆகி, சில வினாடியில் திரும்பி வருகிறது. வெளியீட்டில் வோல்ட்டேஜ் இல்லாததால் ஃபீட்பேக் முழு அளவு கேட்கிறது. ஒவ்வொரு துடிப்பும் உச்சக் கரன்ட் வரை போகிறது. கோரோ 100 டிகிரியில் இருக்கிறது. 0.39-ஐத் தாண்டிய கணத்தில் கரன்ட் செங்குத்தாக எகிறும். சிப் வெட்டுவதற்குள் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கும். “நேற்றுவரை நன்றாக ஓடியது சார், கரன்ட் போய் வந்ததும் போய்விட்டது” என்று கடைக்கு வரும் கேஸ்களில் வெளியே தெரியாமல் கிடக்கும் காரணங்களில் இது ஒன்று. லைன் வோல்ட்டேஜைக் குறை சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். முழு லோடில், மூடிய டப்பாவுக்குள் ஓடவிட்டு, கோரின் சூடு இனி ஏறவில்லை என்று நின்ற பிறகு, மெயின்ஸை அணைத்து மூன்று எண்ணிவிட்டு மறுபடி போடுங்கள். சில தடவை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சென்ஸ் ரெசிஸ்டரில் அந்தச் சாய்வின் நுனி வளைகிறதா என்று கண் வையுங்கள். குளிர்ந்த போர்டில் செய்யும் எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

சூடு என்றதும் இன்னொன்று. ஏ.சி. அறையில், திறந்த போர்டில், ஃபேன் காற்றில் பார்த்துவிட்டுத் தாங்குகிறது என்று சொல்வது நம் ஊருக்குப் பொருந்தாது. வெளியே 40 டிகிரி. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 12 வாட் வெப்பத்துக்குப் போக வழியில்லை. அதிகம் அடி வாங்குவது வெளியீட்டு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். செகண்டரியில் கரன்ட் சீராக 5 ஆம்பியராகப் போவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் 18 ஆம்பியருக்கு எகிறி, பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்குவது கெப்பாசிட்டர்கள்தான். நம் சப்ளையில் அவற்றுக்குள் ஓடும் ரிப்பிள் கரன்ட் 6 ஆம்பியரைத் தாண்டும், வெளியே போகும் கரன்ட்டைவிட அதிகம். ஒற்றைக் கெப்பாசிட்டர் போட்ட அடாப்டர்களில் அதன் தலை உப்புவதற்குக் காரணம் இதுதான். குறைந்த ஈ.எஸ்.ஆர். உள்ளவற்றை மூன்று நாலாகப் பக்கம் பக்கமாகப் போடுங்கள். 105 டிகிரிக்கு 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது, 10 டிகிரி குறையக் குறைய இரட்டிப்பு நாள் உழைக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. 85 டிகிரியில் 8,000 மணி. இரவு பகலாக ஓடினால் ஒரு வருஷம்கூட வராது. விலை கூடுதல் என்று பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள்.

ரிப்பிள் வோல்ட்டேஜை அளக்கும்போது புரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, நுனியிலிருந்தே குட்டைக் கம்பியால் கிரவுண்ட் எடுங்கள். நீண்ட வயர் வளையம் ஆன்டெனாவாகிவிடும். டிரான்ஸ்பார்மரின் இரைச்சலையெல்லாம் வெளியீட்டின் ரிப்பிளாகக் காட்டும். கணினிகளின் ஏ.டி.எக்ஸ். விதி 12 வோல்ட் லைனுக்கு 120 மில்லிவோல்ட் வரை அனுமதிக்கிறது. வீட்டில் கட்டியதற்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

லோடு திடீரென்று மாறினால் சப்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிய வேண்டும். நாலு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டுவிட்டு, இன்னும் நாலை ஒரு மாஸ்ஃபெட் வழியாக 555 டைமரால் வினாடிக்கு 100 தடவை போட்டு எடுங்கள். ஸ்கோப்பில் வோல்ட்டேஜ் ஒரு பள்ளம் விழுந்து நேரே திரும்பினால் நல்லது. அலை அலையாக ஆடி ஆடி அடங்கினால் ஃபீட்பேக் நடுங்குகிறது, டி.எல்.431-ஐச் சுற்றியுள்ள காம்பன்சேஷன் கெப்பாசிட்டரைத் திருத்த வேண்டும். மாஸ்ஃபெட்டையும் ஆப்-ஆம்பையும் வைத்து எலெக்ட்ரானிக் லோடு கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவிட்சாக ஓடக் கட்டப்பட்ட புதுவகை மாஸ்ஃபெட்டுகள், பாதி திறந்த நிலையில் நின்று சூடாவதைத் தாங்குவதில்லை. ஐ.ஆர்.எஃப்.பி.250 போன்ற பழைய பெரிய உருப்படி அந்த வேலைக்கு மேல்; கணினியின் பழைய சி.பி.யு. ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தால் 60 வாட்டைத் தாங்கும்.

வெளியீட்டை ஷார்ட் செய்து பாருங்கள். செகண்டரி வோல்ட்டேஜ் விழுந்தால் சிப்புக்கு உணவு தரும் துணைக் காயிலின் வோல்ட்டேஜும் விழும். 10-க்குக் கீழே போனதும் சிப் நிற்கும், மறுபடி 16 வரை ஏறி ஒரு முறை முயன்று பார்க்கும், நிற்கும். டிக், டிக் சத்தம் கேட்கும். எதுவும் சூடாகக் கூடாது. முன்பு பார்த்து வைக்கச் சொன்ன இரண்டு எண்கள் இங்கே உதவும். மெயின்ஸ் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக் கிடைத்தால் 170 வோல்ட்டிலும் 265-லும் முழு லோடில் ஓடவிடுங்கள். நம் கிராமங்களில் மாலை நேரத்தில் இரண்டும் நடக்கக்கூடியவை.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒரு நீலநிறச் சின்ன டிஸ்க் கெப்பாசிட்டர் இருக்கும், 2.2 நானோஃபாரட், ஒய்1 வகை. இரைச்சலைக் குறைக்க வைப்பது. கெட்டால் திறந்து போகும்படி, ஷார்ட் ஆகாதபடி, பரிசோதித்துச் செய்த பொருள் அது. பெயரில்லாமல் விற்கும் மலிவு அடாப்டர்கள் சிலவற்றைத் திறந்தால் அந்த இடத்தில் சாதாரண ஹை-வோல்ட்டேஜ் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். அது ஷார்ட் ஆனால் 12 வோல்ட் வயரில் மெயின்ஸ் வந்து நிற்கும். 12.0 காட்டும் மீட்டர் அதைக் காட்டாது. எல்.இ.டி. எரியும், சார்ஜ் ஏறும், தொட்டவர் விழுவார். ஒய்1 கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்; ரேடியோவில் இரைச்சல் கேட்டால் கேட்கட்டும்.

அதே கண்டிப்பு டிரான்ஸ்பார்மருக்கும். பிரைமரி, செகண்டரி நடுவே மூன்று அடுக்கு மஞ்சள் டேப், இரு ஓரங்களிலும் மார்ஜின், அல்லது மூன்று உறை போட்ட வயர். போர்டில் இரு பக்கத் தடங்களுக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் 8 வைப்பேன், ஆப்டோவின் அடியில் போர்டையே அறுத்து வழி விடுவேன். கடை அடாப்டர்களுக்கு பிரைமரி, செகண்டரி நடுவே 3,000 வோல்ட் ஏ.சி. கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஹை-பாட் கருவி உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் பேராசிரியரிடம் கேட்டு, அவர் கூட நிற்க, அந்தச் சோதனையைச் செய்யுங்கள். அது முடியாதவரை சப்ளை உங்கள் மேசையிலேயே இருக்கட்டும். வேறு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் தாண்டி வந்த சப்ளைக்கு லேபிள் ஒட்டும்போது, 5 ஆம்பியரில் மணிக்கணக்காக ஓடியது என்றால் 4 ஆம்பியர் என்று எழுதுங்கள். எந்தத் தேதியில், வெளியே எத்தனை டிகிரியில், மூடிய டப்பாவிலா திறந்த போர்டிலா சோதித்தீர்கள் என்பதையும் அதே லேபிளில் சேருங்கள். அடுத்து அதைத் திறக்கப் போகிற மெக்கானிக்குக்கு அந்த நாலு வரி சர்க்யூட் படத்தைவிட முதலில் தேவைப்படும்.